எபிடியூரல் மரப்பு மருந்துகள்

தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் செலுத்தி, பிரசவ வலியையும் அறுவைக்குப் பிந்தைய வலியையும் தணிக்கும் மருந்துகள். நரம்பில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்து, வலி மூளையை எட்டாமல் தடுக்கின்றன.

வரலாறு: 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்னைக் கொண்டு கண்ணை மரக்கச் செய்தார். அதன் நச்சுத்தன்மைக்கும் அடிமைப்படுத்தும் இயல்புக்கும் மாற்றாகப் புரோகெய்ன் வந்தது. 1921இல் ஸ்பானிய ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகேஸ் இடுப்புவழி எபிடியூரல் முறையை வெளியிட்டார். 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னோகெய்னைத் தயாரித்தார். 1957இல் அதே நாட்டில் பியூபிவகெய்ன் பிறந்தது.

ஒப்பீடு: லிக்னோகெய்ன் விரைவில் வேலை செய்யும், விரைவில் தீர்ந்தும்விடும், திரும்பத் திரும்பச் செலுத்தினால் பலன் குறையும். பியூபிவகெய்ன் மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நிற்கும். ஆனால் தவறி ரத்தக் குழாய்க்குள் அதிக அளவில் போனால் இதயத்தை நிறுத்தக்கூடும். 1979இல் மயக்கவியல் மருத்துவர் ஆல்பிரைட் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். பின்னர் அமெரிக்காவில் 0.75% கரைசல் மகப்பேற்றுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. இதயத்துக்குப் பாதுகாப்பான மாற்றைத் தேடியதன் பயனாக 1990களில் ரோபிவகெய்னும் லெவோபியூபிவகெய்னும் வந்தன. ரோபிவகெய்ன் கால் அசைவைக் குறைவாகவே பாதிக்கும் என்பார்கள். ஆனால் அதன் வீரியம் பியூபிவகெய்னைவிடக் குறைவு என 1999இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே சம வலிநீக்கம் தரும் அளவில் ஒப்பிட்டால் கால் அசைவில் காணும் வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

செய்முறை: உப்புநீர் நிரம்பிய சிரிஞ்சின் தண்டை அழுத்தியபடியே ஊசியை முன்னேற்றுவார்கள். தடை சட்டென்று விலகும் இடமே எபிடியூரல் வெளி. மெல்லிய குழாயைப் பொருத்தியதும், அட்ரீனலின் கலந்த லிக்னோகெய்ன் 3 மி.லி. சோதனையாகச் செலுத்தப்படும், நாடி திடீரென ஏறினால் குழாய் ரத்த நாளத்தில் இருக்கிறது என்று பொருள். பிரசவத்துக்கு இன்று 0.1% அளவிலான பியூபிவகெய்னோ ரோபிவகெய்னோ சிறிது ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வலிநீக்கியுடன் சேர்த்துத் தரப்படுகிறது. நச்சேறினால் மீட்க 20% கொழுப்புக் குழம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவில்: லிக்னோகெய்னும் பியூபிவகெய்னும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. சிசேரியனுக்கு முதுகில் ஒரே முறை போடும் ஊசி எபிடியூரல் அல்ல. அது தண்டுவட நீரில் கலக்கும் ஸ்பைனல். இந்த ஊசிகளால் ஆயுள் முழுதும் இடுப்பு வலிக்கும் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஆனால் நீண்டகால முதுகுவலியை எபிடியூரல் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. விருத்தாசலம் போன்ற சிறு நகரங்களின் தாய்மார்களுக்கும் இந்த நிவாரணம் எட்ட வேண்டுமானால், எந்த மருந்து என்பதைவிட, இரவு பகலாக மயக்கவியல் மருத்துவர் அருகிலிருப்பதே முக்கியம்.