இருநூறு மீட்டரும் ஒரு குமிழும்

ரேடியோவில் தூரத்துக் குரல் கேட்க வேண்டுமானால் குமிழை முழுக்கத் திருப்பிவிட வேண்டியதுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அமெச்சூர் ரேடியோவில் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் அந்த எண்ணத்தைக் கலைத்தார். "திருப்பிப் பாருங்கள், ஸார்" என்று குமிழை என்னிடம் விட்டார். தாராளமாகத் திருப்பினேன். தகரக் கொட்டகைமேல் மழை பெய்வது போல் ஒரே இரைச்சல்! ரேடியோ பெரிதாக்குவது குரலை மட்டும் அல்லவே; ஆகாயத்துக் குப்பையும் கூடவே பெரிதாகிறது.

இந்தக் குப்பைக்கு நடுவே ஒரு மனிதர் சரித்திரத்தைக் கேட்டிருக்கிறார். 1912-ல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை இருநூறு மீட்டருக்குக் கீழே தள்ளிவிட்டது. ஒன்றுக்கும் உதவாத அலைகள் என்று பெரியவர்கள் கருதிய இடம் அது. வீட்டில் பயனற்ற அறையைப் பையன்களுக்குக் கொடுப்பதில்லையா, அப்படி! அந்த அலைகள் அட்லாண்டிக்கைத் தாண்டுமா? 1921 பிப்ரவரியில் சோதித்தார்கள். இங்கிலாந்தில் யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. பழி கடலின்மேலா, காதின்மேலா?

அதைத் தீர்க்க, அமெரிக்க அமெச்சூர் சங்கம் பால் காட்லே என்பவரைக் கப்பலேற்றியது. டிசம்பர் மாதம், ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸன் கடற்கரை. ஒரு கூடாரம், காற்று, மழை, குளிர், ஆயிரம் அடிக்கு மேல் நீண்ட கம்பி. உள்ளே, எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-ல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் அமைந்த பத்து வால்வுக் கருவி. வால்வுகளின் சூட்டைக் கூட்டிக் குறைத்து, இரைச்சலின் விளிம்பிலேயே இரவெல்லாம் கருவியை நிறுத்திவைக்க வேண்டும். டிசம்பர் 12 அதிகாலையில் கனெக்டிகட்டிலிருந்து ஒரு முழுச் செய்தி வந்து சேர்ந்தது. அனுப்பிய நிலையத்தை நடத்தியவர்களில் ஒருவர் அதே ஆர்ம்ஸ்ட்ராங்! கடலின் இரு கரையிலும் அவர் மூளைதான் வேலை செய்திருக்கிறது.

குமிழைத் திருப்பும் தொல்லையை ஹரால்ட் வீலர் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் ஒழித்தார். வந்த அலையின் பலத்தையே பின்னால் திருப்பி அனுப்பி, வால்வுகளை அடக்கச் செய்தார் அவர். பலத்த நிலையம் வந்தால் கருவி தானே அடங்கும்; குரல் மங்கினால் தானே காதைத் தீட்டும். 1929-ல் பில்கோ கம்பெனி இதை வீட்டு ரேடியோவில் வைத்து விற்றது. சங்கீதம் கேட்கிறவர்களுக்குச் சுகம்தான்.

மோர்ஸ் கேட்பவர்களுக்கு மட்டும் சங்கடம். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவிலுள்ள மௌனத்தைக் குரல் மங்கிவிட்டதாகக் கருவி எண்ணிக்கொண்டு, இரைச்சலை மேலே தூக்கிவிடும். ஆகவே பழைய கைகாரர்கள் அந்தத் தானியங்கியை அணைத்துவிட்டு, கடைசியில் ஒலியைக் கூட்டும் குமிழை நன்றாகத் திறந்து வைத்து, முன்னால் அலையைப் பெருக்கும் குமிழைக் கையால் அடக்குவார்கள்.

நண்பரும் அதையேதான் செய்தார். விசையை ஒரு தட்டுத் தட்டி, குமிழை மெல்ல இறக்கினார். மழை ஓய்ந்தது. அடியிலிருந்து ஒரு கீச்சுக் குரல் எழுந்தது. "யார்?" என்றேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார்.