கால் ஆட, மனம் வாட: காவடிச் சிந்து பிறந்த கதை

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்தில் 1865இல் பிறந்தார் அண்ணாமலை ரெட்டியார். 1891இல் கண்ணை மூடிவிட்டார். 26 வயதுதான். அதற்குள் தமிழில் ஒரு பாட்டு வகைக்கே பேர் சொல்லும் பிள்ளையாகிவிட்டார்.

அவரை ஆதரித்தவர் ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமலிருக்க அண்ணாமலையார் பாடியவையே இந்தக் காவடிச் சிந்துகள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். காவடிக்காரர்கள் பாடிக்கொண்டு நடப்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம். அந்த நடைமெட்டுக்குள் புலமையைப் புகுத்தியது அவர்.

தோளில் வளைந்த மரச்சட்டம், இரண்டு பக்கமும் மயிற்பீலிக் கொத்து. ஆடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும்போது பீலி விசிறும். சின்னச் சின்னச் சீர்களாக ஓடி, இயைபில் அடுக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நீண்டு நிற்கும் அடிகள் அந்தத் திருப்பத்துக்கென்றே வைத்தவை போலிருக்கின்றன. சங்கரன்கோவில் திரிபந்தாதி எழுதிய பண்டிதர் அவர். திரிபந்தாதிக்கு உரை வேண்டும். சிந்து, காதில் விழுந்ததும் காலுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனால் துள்ளலோடு நின்றுவிட்டால் பாட்டைப் பாதிதான் கேட்டிருக்கிறோம். பல சிந்துகளில் பேசுகிறவள், முருகன்மேல் மையல்கொண்டு உருகும் பெண். குற்றாலத்தை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியில் வசந்தவல்லியை வாடவிட்டதும் இதே ஏக்கத்தில்தான். அண்ணாமலையார் அதை நடக்கிற காலோடு சேர்த்துக் கட்டினார். அமெரிக்காவில் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் செய்ததும் இதுவே: மதுக்கூடத்தில் ஆடுகிறவர்களுக்குப் பிரிவின் துயரத்தைப் பாடினார். 1953 புத்தாண்டு நாளில் அவர் போனபோது வயது 29.

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி, சிந்தைப் பாஞ்சாலி சபதம் வரைக்கும் கொண்டுபோனார். கச்சேரிகளில் கடைசிப் பகுதியில், பெரும்பாலும் செஞ்சுருட்டியில், ஒரு காவடிச் சிந்து வரும். திருவிழாக்களில் நையாண்டி மேளக்காரர்களின் நாதசுரத்திலும் அந்த மெட்டு இருக்கிறது. உட்கார்ந்து கேட்பதைவிட, காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்கும்போதுதான் அந்தப் பெண்ணின் தவிப்பு முழுசாகத் தைக்கிறது என்பேன்.