ஒளித்தீட்டல்

இருட்டில் கேமராவின் ஷட்டரைச் சில நொடிகள் திறந்துவைத்து, விளக்கையோ கேமராவையோ அசைத்துப் படம் எடுக்கும் முறை. ஷட்டர் மூடும்வரை விழும் ஒளியெல்லாம் ஃபிலிமிலோ சென்சாரிலோ சேர்ந்துகொண்டே போவதால், நகரும் புள்ளி கோடாகிறது. 1935இல் மான் ரே சிறுவிளக்கால் காற்றில் கிறுக்கித் தன்னையே படமெடுத்தார். 1949இல் பிக்காசோ காற்றில் வரைந்ததை ஜோன் மிலி பதிவுசெய்தார். பெரும்புகழ் பெற்றவை அப்படங்களே.

ஆனால் கேமராவை அசைப்பதில்தான் வியப்பு அதிகம். பக்கவாட்டில் அசைத்தால், தெருவிளக்குகள் அத்தனையும் ஒரே கிறுக்கலை வரையும். லென்சை அச்சாக்கித் திருப்பினால் வட்ட விற்கள். ஜூம் வளையத்தைத் திருகினால் நடுவிலிருந்து சிதறும் கதிர்கள். மாறுமின்னோட்டத்தில் துடிக்கும் விளக்கு, வேகமாக அசைக்கும்போது கோடாக விழாமல் மணிமாலைபோல் விட்டுவிட்டுப் பதியும். புதியவர்கள் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் இரண்டு நொடி என வைத்துத் தொடங்கலாம்.