சுழியக் கடப்பில் ஒலிச்சைகை மாற்றம்

ஒலியைச் சுமந்துவரும் மின்னழுத்தம் நேர்மத்துக்கும் எதிர்மத்துக்கும் இடையே மாறுகையில் சுழியைக் கடக்கும் கணத்தைக் கண்டறிந்து, அக்கணத்திலேயே நுண்கட்டுப்படுத்தியின் வாயிலாகச் சைகையை இணைப்பதோ துண்டிப்பதோ இம்முறையாகும். அலை உச்சியில் இருக்கும்போது இணைப்பு அறுபட்டால் மின்னழுத்தம் திடீரெனச் சரிந்து, பரந்த அதிர்வெண்களில் ஆற்றலைச் சிதறவிட்டு, 'டப்' என்னும் ஓசையாகக் கேட்கிறது. நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ் வட்டாரத் தோட்டக் கோயில்களைப் போன்ற திறந்தவெளிகளில், நாதசுர மைக்கிலிருந்து பதிவுப் பாடலுக்கு மாறும்போது, இடை அதிர்வெண்களை வலுவாக எழுப்பும் கூம்பு ஒலிபெருக்கி இக்குறையை மிகைப்படுத்திக் காட்டும்.

ஒப்பீட்டுச் சுற்று கடப்பை உணர்ந்து இடைமறிப்புக் குறிப்பை அனுப்ப, நுண்கட்டுப்படுத்தி சிடி4066 போன்ற மின்னணு நிலைமாற்றியை இயக்குகிறது. செயற்பட மில்லிநொடிகள் எடுக்கும் ரிலே இதற்குப் பொருந்தாது. ஏனெனில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி 0.5 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழியைக் கடந்துவிடுகிறது. இரு மூலங்களும் ஒரே கணத்தில் கடப்பதில்லை என்பதால், பழையதை அதன் கடப்பிலும் புதியதை அதன் கடப்பிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். மைக் அமைதியாக இருப்பின் கடப்பே நிகழாமற்போகலாம். ஆகவே 20 ஹெர்ட்ஸின் அரைச்சுற்றான 25 மில்லிநொடி கடந்ததும் கட்டாயமாக மாற்றிவிடும் கால வரம்பு இன்றியமையாதது. நேர்மின்னோட்ட விலகல் எஞ்சியிருந்தால் இவ்வளவு நுட்பமும் வீணாகும். எனவே அதைத் தடுக்கும் இணைப்பு மின்தேக்கியை விட்டுவிடலாகாது. அலையின் சரிவு திடீரென மாறுவதை இம்முறை தடுப்பதில்லையாதலால், இசைக்குச் சில மில்லிநொடிகளில் ஒலியளவைப் படிப்படியாகத் தாழ்த்தி உயர்த்துவதே பெரும்பாலும் சிறந்தது.