தீமையின் தோற்றம்

திருவண்ணாமலையில் அயனும் மாலும் சோதிப்பிழம்பின் அடிமுடி தேடி எய்த்த வரலாற்றிலே, கண்முன் நின்ற ஒளியைக் காணவொட்டாது மறைத்தது 'யானே பரம்' என்னுஞ் செருக்கு. கிறிஸ்தவ ஆசிரியரும் வானவருள் ஒருவன் செருக்குற்று வீழ்ந்ததையே தீமையின் தொடக்கம் என்பர். அச்செருக்கு எங்கிருந்து வந்தது என்பதிலேதான் இரு சமயமும் பிரிகின்றன.

வட ஆப்பிரிக்காவிற் பிறந்த அகஸ்தீன் (354–430), நன்மையும் தீமையும் இரு தனி முதல்கள் என்னும் மானியின் மதத்தில் ஒன்பது யாண்டு நின்று, பின் அதனை விட்டவர். இறைவன் படைத்தன யாவும் நல்லனவாதலின் தீமை ஒரு பொருளன்று, நன்மையின் இன்மையே. சித்தம் இறைவனை விட்டுத் திரும்பியதால் அது நேர்ந்தது என்று அவர் நிறுவினார். அத்திருப்பத்திற்குக் காரணம் தேடுதல் இருளைக் கண்ணாற் காண விழைதலை ஒக்கும் என்றும் கூறினார்.

சைவ சித்தாந்தத்திலோ ஆணவம் இன்மையன்று. செம்பிற் களிம்புபோல் உயிரை அநாதியே பற்றிய உள்பொருள். புறவிருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையுங் காட்டாது என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் விளக்கினார்.

இவ்விரு சமயங்களும் யாழ்ப்பாணத்தில் நேர்நின்றன. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரமும் வெளிவந்தது.

மலம் அநாதியெனின் இறைவன் படையாத பொருளும் உண்டாய் அவன் முதன்மை குறையுமே என்பது கிறிஸ்தவர் தடை. மலம் சடமாதலின் இறைவனுக்கு அடங்கியதே. பரிபாகமுற்றபோது அதன் சத்தி அவனருளால் மடங்கும் என்பது சைவர் விடை. நல்லோன் படைத்த நற்சித்தம் தீமைக்குத் திரும்பியது எங்ஙனம் என்னும் சைவர் தடையோ, அகஸ்தீன் நின்ற எல்லையிலேயே நிற்கின்றது. ஆயினும், அவ்விருள் உயிரின் முயற்சியால் மட்டும் நீங்காது, அருளாலேயே நீங்கும் என்பதில் அவரும் சைவரும் ஒருப்படுவர். அயனும் மாலும் அண்ணாமலையில் இறைவனைக் கண்டது, அவன் தானே வெளிப்பட்டபோதன்றோ?