வடக்கறிந்த ஊசி

கரிகாற் சோழனைப் பாடவந்த வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல்கொண்டு கடலிலே கலம் செலுத்தியவர்களின் வழித்தோன்றல் என்று புறநானூற்றிலே அவனைப் போற்றினார். காற்றை வசப்படுத்திய மாலுமிகள் திசையை எவ்வாறு அறிந்தார்கள்? நேயர்களே, இந்த வினாவோடு இன்று சற்றுத் தூரம் கடலுக்குள் போய்வருவோம்.

பகலிலே ஞாயிறும் இரவிலே விண்மீன்களும் பண்டை மாலுமிக்கு வழித்துணையாயின. ஆனால் எங்கள் கடலிலே ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்திலேதான் துருவ நட்சத்திரம் அங்கே தோன்றும். முல்லைத்தீவு 9 பாகையை அண்டிய ஊர். அங்கே அந்த விண்மீன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். சிறு முகில் வந்தாலும் மறைந்துபோகும். இலங்கை மாலுமிகள் விண்மீன்களைப் பார்த்துக் கலம் செலுத்துவதில்லை என்றும், பறவைகளைக் கொண்டுசென்று பறக்கவிட்டு அவை போகும் பக்கத்தைப் பின்பற்றிக் கரை காண்பர் என்றும் கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். கரை அண்மையில் இருக்கும்போது பறவை வழிகாட்டும். நடுக்கடலிலே அதனால் என்ன பயன்?

நடுக்கடலின் கொடுமையை நேரிலே கண்டவர் சீனத் துறவி பாகியன். இலங்கையில் இரண்டாண்டுகள் தங்கிப் பௌத்த நூல்களைத் திரட்டிய அவர், 411 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 200 பேர் ஏறிய வணிகக் கப்பலிலே தாயகம் நோக்கிப் புறப்பட்டார். புயல் பிடித்தது, கப்பலுக்குள் நீர் புகுந்தது. வணிகர்கள் தம் பொருள்களைக் கடலிலே வீசினார்கள். 13 நாள் அலைந்தபின் ஒரு தீவை அடைந்தே ஓட்டையை அடைத்தார்கள். அந்த எல்லையற்ற கடலிலே கிழக்கு மேற்குத் தெரியாது, ஞாயிறு திங்கள் விண்மீன்களை நம்பியே செல்லவேண்டும், மழையிருள் மூடினால் காற்று இழுத்த பக்கம் போகவேண்டியதுதான் என்ற கருத்துப்படத் தம் பயணக்குறிப்பிலே அவர் எழுதிவைத்தார்.

அக்காலத்திலே காந்தம் கடலோடிகளின் பகையாகவே எண்ணப்பட்டது என்பது வியப்பான செய்தி. கீழைக் கடலின் சில தீவுகள் இரும்பாணி அறைந்த கப்பல்களைப் பிடித்து நிறுத்திவிடும் என்ற கதையைத் தொலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளார். இந்து சமுத்திரத்திலே பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கலம் கட்டியதற்கும் இந்தக் காந்தத் தீவுகளையே சிலர் காரணங் கூறினர்.

பகையென்று அஞ்சிய காந்தம் துணையாக மாறியது சீனத்திலே. காந்தக் கல்லிலே தேய்த்த ஊசி தெற்கு நோக்கி நிற்பதையும், அது மெய்யான தெற்கினின்று சிறிது விலகுவதையும் சென் குவோ என்பவர் 1088 அளவில் எழுதினார். வானம் இருண்ட வேளையில் மீகாமர்கள் இந்த ஊசியைப் பார்த்துக் கலம் செலுத்துவதைச் சூ யூ என்பவரது 1119 ஆம் ஆண்டு நூல் சொல்கிறது. 1282 இல் எழுந்த அரபு நூலொன்று, இந்து சமுத்திர மாலுமிகள் மீன் வடிவான இரும்புக் கூட்டை நீரிலே மிதக்கவிட்டுத் திசை அறிந்ததைக் குறிப்பிடுகிறது.

அதே 12 ஆம் நூற்றாண்டிலே எங்கள் வடகரையில் நிலை என்ன? முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு விடை தருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வணிகக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சட்டம் வகுக்க வேண்டிய அளவுக்குக் கலங்கள் உடைந்திருக்கின்றன!

பாகியன் தத்தளித்த அதே கடலைக் கடந்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின், தளபதி செங் ஹேயின் பெருங் கப்பற்படை காந்த ஊசியின் துணையோடு இலங்கைக்கு வந்தது. அவர்கள் கொணர்ந்த கல்வெட்டு 1409 ஆம் ஆண்டுக்குரியது. 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதிலே உள்ளன. தமிழ்ப் பகுதி, தென்னிலங்கையின் தெனவரை நாயனார்க்குப் பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைப் படைக்கிறது. சீன அரசு இந்தக் கடலிலே பேச எடுத்துக்கொண்ட மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அதே படை அழகக்கோனாரைச் சிறைபிடித்து 1411 இல் சீனாவுக்குக் கொண்டுசென்றது என்று சீன வரலாறு கூறுகிறது. ஊசிக்கு வடக்கும் தெற்கும் தெரியும். நீதியும் அநீதியும் தெரியாது.

இன்னொன்றும் ஊசிக்குத் தெரியாது. கப்பலின் முகம் எந்தத் திசையை நோக்குகிறது என்பதையே அது காட்டும். அடியிலே ஓடும் நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டிலே எவ்வளவு தள்ளியது என்பதைக் காட்டாது. திசையறி கருவியோடு வந்த வாஸ்கோ ட காமா 1498 இல் ஆபிரிக்கக் கரையின் மாலிந்தியிலே வழிதெரிந்த ஒரு மீகாமனைப் பெற்றே கோழிக்கோட்டை அடைந்தார். மாலைதீவை நோக்கிச் சென்ற போர்த்துக்கேயக் கப்பல்கள் காற்றாலும் நீரோட்டத்தாலும் ஒதுக்கப்பட்டே 1505 இல் இலங்கைக்கு வந்தன என்பர். எங்கள் நாட்டின் 450 ஆண்டு அந்நிய ஆட்சிக்கு வாயில் திறந்த பயணம், வழிதவறிய பயணம்!

ஊசி விட்ட குறையை நிரப்பியது மனிதனின் பட்டறிவு. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் கண்டு இடம் சொல்லும் அறிவு எங்கள் கரையோர மக்களிடம் இருந்தது. அது ஏட்டில் ஏறாத கல்வி. தந்தையின் தோணியிலே மகன் கற்றது. 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையும், 2009 வரை நீண்ட போரும் முல்லைத்தீவுக் கரையிலே அந்தத் தொடர்ச்சியைப் பெரிதும் அறுத்துவிட்டன. இன்று படகிலே இடங்காட்டும் மின்கருவி வந்துவிட்டது. மின்கலம் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

எஞ்சியிருக்கும் முதிய கடலோடிகளிடம் எங்கள் மாணவர்கள் கொப்பியும் பேனையுமாகப் போக வேண்டும். காற்றின் பெயர்களையும் வெள்ளிகளின் பெயர்களையும் கேட்டு எழுத வேண்டும். சென் குவோவும் பாகியனும் எழுதிவைத்தபடியாலேதான் அவர்கள் காலத்துக் கடலை நாம் அறிகிறோம். எங்கள் கடலை எழுதிவைப்பவர் யார்?