மலைப்பாதையும் மனிதப் பாதமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் யாவரும் அறிந்த சிகரம் ஒரு பாதத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையைச் சைவர் சிவனொளிபாதம் என்பர். பௌத்தர் ஸ்ரீபாதம் என்பர். இஸ்லாமியரும் கிறித்தவரும் ஆதமின் மலை என்று கூறுவர். உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பற்றிப் பல மொழிகளில் பல நூல்கள் எழுந்துள்ளன. அச்சிகரத்தைச் சூழ்ந்த சரிவுகளில் காடு திருத்தி வழி சமைத்த பாதங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிய விரும்புவோர் நடந்தோரின் கால்களையும், அக்கால்கள் எதனை அணிந்திருந்தன, எதனை அணியாதிருந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் புகையிரதப் பாதையில் உள்ளது வட்டவளை. ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூர், தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து மலைமீது மோதும் இடத்தில் இருக்கிறது. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்வதால், தீவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாக இஃது எண்ணப்படுகிறது. இங்கே மண் காய்வது அரிது. கல் பாசி படர்ந்திருக்கும். புல்லின் நுனியில் அட்டை காத்திருக்கும். இத்தகைய நிலத்தில் நடப்பவனுக்குக் காலைக் காப்பதே முதற் கவலையாகும்.

இக்கவலை மிகப் பழையது. 1344ஆம் ஆண்டில் சிவனொளிபாதத்தின்மேல் ஏறிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, பாறைகளில் பதிக்கப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியதோடு, வழியிலே மனிதர்மீது தாவும் அட்டைகளைப் பற்றியும் எழுதியுள்ளார். மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை பற்றியவுடன் அதன்மேற் சாற்றைப் பிழிந்தனர் என்பது அவர் தரும் செய்தி. ஐந்து நூற்றாண்டுகளின் பின், 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் தெனந்து என்னும் பிரித்தானிய அதிகாரியும் எலுமிச்சஞ் சாற்றையே குறிப்பிடுகிறார். எண்ணெயையும் புகையிலைச் சாம்பலையும் மக்கள் உடலிற் பூசியதாக அவர் கூறுகிறார். ஆனால் அவர் நூலில் ஒரு புதிய பொருளும் இடம்பெறுகிறது. கோப்பித் தோட்டத் துரைமார் நெருங்கிய நெசவுத் துணியால் ஆகிய அட்டைக் காலுறைகளை அணிந்தனர் என்பதே அது. நாட்டு மக்களுக்கு எண்ணெயும் சாம்பலும். துரைமாருக்குக் காலுறையும் சப்பாத்தும். ஒரே பாதையில் இரு வேறு கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன.

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது. செருப்பு என்பது நம் பழஞ்சொல். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: புதிதாயிருக்கையில் இரண்டும் கடிக்கும். பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருக்கும். விரல்களின் அடிப்பகுதி மடியும் இடத்திலும் குதிகாலைச் சுற்றிய இடத்திலும் அது நடப்பவனின் கால் வடிவத்தை இன்னும் ஏற்றிராது. ஆகவே ஒவ்வோர் அடியிலும் தோலும் தோலும் உராய்ந்து கொப்புளம் எழும். ஈரம்பட்ட காலில் அது விரைவிலேயே எழும். இதனாற்றான் புதுச் சப்பாத்தைப் பழக்குதல் ஒரு தனிக்கலை ஆயிற்று. முதலில் வீட்டினுள்ளே சிறிது நேரம் அணிதல்; பின்னர் சமநிலத்தில் ஒரு மைல், இரண்டு மைல் நடத்தல்; கொழுப்பையோ மெழுகையோ தடவித் தோலை இளக்குதல்; காலுறையின் உட்புறம் சவர்க்காரம் பூசுதல் ஆகிய முறைகளைப் படைவீரரும் மலையேறுவோரும் கையாண்டனர். நனைந்த சப்பாத்தை நெருப்பின் அருகே உலர்த்தினால் தோல் வெடித்துவிடும். வட்டவளை போன்ற ஊரிலோ, நிழலில் வைத்தால் காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும். இத்துணைப் பாடுபட்டாலும், சில வாரங்களில் சப்பாத்துக் காலுக்கு அடங்கிவிடும், கடி நின்றுவிடும்.

அக்காலத்தில் மலைக்கு நடந்து வந்த தமிழரிற் பெரும்பாலோர்க்கு இந்தச் சிறு துன்பமும் வாய்க்கவில்லை. 1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கு அண்மையில் சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் அமைத்ததிலிருந்து, தமிழகத்துத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக இத்தீவுக்கு வரலாயினர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின் புறப்பட்டவர்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடந்தனர். தலைமன்னாரிலிருந்து கணக்கிட்டால் இது ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரம். நீரற்ற காடு, மலேரியாக் காய்ச்சல், வாந்திபேதி, அம்மை ஆகியவற்றுக்கு இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும், உயிர் தப்பியோர் வந்த வழியே ஊருக்குத் திரும்பி நடந்தனர்.

அவர்கள் செருப்பின்றி நடந்தமைக்கு வறுமை ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. மேல்நிலையினர் முன் செருப்பணிந்து செல்லலாகாது என்று தமிழகக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்த சமூகத்தாரும் மலைநாட்டுக்கு வந்தோருள் இருந்தனர். பிறர் காலுக்குக் காப்புச் செய்த கையினர் தம் காலை வெறுமையாக வைத்து நடந்தனர். அக்காலத்தில் ஆவாரம்பட்டையிற் பதனிடப்பட்ட சென்னை மாகாணத்துத் தோல், கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்று சப்பாத்தின் மேற்றோலாகவும் பயன்பட்டது. அத்தோல் துரையின் காலிலே மீண்டும் கீழ்த்திசைக்கு வந்திருக்கவும் கூடும்.

வெறுங்காலும் பழகிக்கொள்ளும். நாளடைவில் உள்ளங்காற்றோல் தடித்துக் கல்லையும் முள்ளையும் தாங்கும். ஆனால் தடித்த உள்ளங்காலாலும் தடுக்க முடியாத பகைவன் ஒருவன் ஈரமண்ணில் இருந்தான். அவனே கொக்கிப்புழு. அதன் நுண்ணிய இளம்புழு, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வாழ்ந்து, விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உடலினுட் புகும் என்பதை, எகிப்தில் ஆராய்ந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். உட்புகுந்த புழு சிறுகுடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளிறும், மூச்சு வாங்கும், ஏற்றத்தில் கால் தளரும். சோம்பேறி என்று கங்காணியால் ஏசப்பட்ட தொழிலாளி, பல வேளைகளில் இரத்தம் வற்றிய நோயாளியாகவே இருந்திருப்பான்.

1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. சோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோரிடம் அந்நோய் காணப்பட்டது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். எனினும் லயங்களுக்கு மலசலகூடம் இல்லாதவரை மண் தூய்மையாகவில்லை. காலுக்குக் காப்பு இல்லாதவரை அம்மண்ணிலிருந்து நோய் மீண்டும் பற்றியது. மழைக்குப் போர்த்தும் கம்பளியின் விலையே கூலியிற் கழிக்கப்பட்ட காலத்தில், செருப்பு வாங்கப் பணம் எங்கிருந்து வரும்?

இதற்கிடையே மலைநாடு மாறியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதம், 1884இல் வட்டவளை வழியாக அட்டனை எட்டியது. 1914இல் தலைமன்னார்த் துறையும் புகையிரதப் பாதையோடு இணைந்தது. வடக்கிலிருந்து வந்த நெடுநடையும் முடிவுற்றிருந்தது. ஆயினும் தோட்டத்துள்ளே நடை முடியவில்லை. விடியலிற் பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மலைக்கும், கொழுந்துக்கூடையுடன் நிறுவைக்கும் என்று, நாள்தோறும் நடையைத் தேயிலை வேண்டியது. குறுக்குப் பாதைகள் பலவும் இந்நடையினாலேயே உண்டாயின.

இன்று அப்பாதைகளில் வேறு கால்களும் நடக்கின்றன. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை, 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளே. பல நாடுகளிலிருந்தும் வரும் நடையாளர், நன்கு பழக்கிய சப்பாத்துக்களோடும் அட்டைக் காலுறைகளோடும் கோட்டகலையையும் நோர்வூட்டையும் கடந்து செல்கின்றனர். அதே சரிவில் செருப்போடும் வெறுங்காலோடும் கொழுந்து பறிப்போரை இன்றும் காணலாம்.

மற்றொரு நடையும் அண்மையில் நிகழ்ந்தது. மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து சென்றனர். பதினாறு நாட்களில் முன்னோர் நடந்த திசையிலேயே நடந்த அவர்கள், நிலவுரிமையும் வீட்டுரிமையும் நேரிய ஊதியமும் வேண்டினர். முன்னோரின் பெயர்களிற் பெரும்பாலானவை ஏடுகளில் இல்லை. அவர்கள் மிதித்து உண்டாக்கிய வழிகளோ வட்டவளையின் மழையிலும் அழியாமல் மலைகளிற் கிடக்கின்றன. அவ்வழிகளிற் செல்லுமுன் தன் சப்பாத்தின் கயிற்றைக் கட்டக் குனிபவன், தனக்கு முன் அங்கே நடந்த வெறுங்கால்களை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று.